நாலாம் நாள் திருப்பி வைக்க வேண்டிய மண்

ஒரு டீஸ்பூனும் துவைத்து மடித்த வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கல்லறைப் பக்கத்தில் மண்டியிட்டதும் முழங்கால் நனைந்துவிட்டது. அயர்லாந்தில் புல் காய்ந்திருக்கும் நாள் அபூர்வம். ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு ஒரு கரண்டி மண் எடுத்தேன். ஒன்றுதான் எடுக்கலாம். கறுப்பு மண். அதில் நூல் மாதிரி ஒரு வேர், கடுகளவு ஒரு சுண்ணாம்புக்கல். துணியில் கொட்டி நாலு முனையையும் சேர்த்து முடிந்தேன்.

மண் எனக்கில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. அவருக்கு 86 வயது. கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. பல் டாக்டர் கொடுத்த மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஃபாதர் மெகிர் கல்லறை மண் தலையணைக்கு அடியில் இருந்தால்தான் தூக்கம் வரும் என்றார். அவரால் மண்டியிட முடியாது, அதனால் என்னை அனுப்பினார். காரில் ஏறும்போது ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நாலாம் நாள் திருப்பி வைக்கணும், மறந்துடாதே. வச்சுக்கிட்டா ஆகாது."

இந்தக் கோவில் பங்கின் பெயரை போஹோ என்று எழுதுவார்கள். உள்ளூர்க்காரர் வாயில் அது வெறும் 'போ'. குடிசைகள் என்று பொருள் தரும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்த பெயர். வட அயர்லாந்தின் ஃபெர்மானா கவுண்டியில், எனிஸ்கில்லன் நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தால் இந்த ஊர். மேலே புல், கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். நடக்கும் தரைக்கு அடியில் குகைகளும் ஓடைகளும் ஓடுகின்றன. டோனீல் நார்த் என்ற இடத்தில் திரு இருதய ஆலயம். அதன் கல்லறைத் தோட்டத்திலேயே ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கற்சிலுவை ஒன்றின் அடித்தண்டு நிற்கிறது. அதற்கும் முன்னால் ஃபேபர் என்ற புனிதை இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்கிறார்கள். அவருடைய புத்தகங்களைச் சுமந்து வந்த மான் ஆற்றில் வழுக்கி விழுந்ததாம். 'நீ பின்னோக்கி ஓடு, உன்னில் மீன் கிடைக்காமல் போகட்டும், ஆள் மூழ்குவதற்கு மட்டும் நீ தோதாய் இரு' என்று அவர் சில்லீஸ் ஆற்றைச் சபித்தாராம். ஆறு இன்றும் பக்கத்தில் இருக்கும் ஏரியை விட்டு விலகி, சுற்றி வளைத்துத்தான் போய்ச் சேர்கிறது.

ஃபாதர் ஜேம்ஸ் மெகிர் இங்கே பங்குத்தந்தையாக இருந்து 1815-ல் இறந்தவர். உயிரோடு இருக்கும்போதே நோய் தீர்ப்பவர் என்று பெயர் வாங்கியவர். 'உயிரோடு இருந்தபோது நான் எதையெல்லாம் குணப்படுத்தினேனோ, அதையெல்லாம் என்னை மூடுகிற மண் குணப்படுத்தும்' என்று சாகும் தறுவாயில் சொன்னதாக ஊர் சொல்கிறது. அன்றிலிருந்து பல்வலிக்கும் தொண்டைப் புண்ணுக்கும் கழுத்து வீக்கத்துக்கும் இந்த மண்தான். இருநூறு வருஷம் தாண்டிவிட்டது. ஒவ்வொருவரும் ஒரு கரண்டி எடுத்துத் திருப்பி வைக்காமல் போயிருந்தால் இந்நேரம் அங்கே மண்ணே இருந்திருக்காது. அந்தக் கட்டுப்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மருந்து கடனாகத்தான் கிடைக்கும். கொடுத்தவர் செத்துப் போயிருந்தாலும் கடன் கடன்தான்.

2018-ல் இந்த மண் உலகச் செய்தியானது. ஸ்வான்சீ பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் போஹோ பகுதி மண்ணிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகையைச் சேர்ந்த ஒரு புதிய பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். குழுவில் ஒருவரான ஜெரி குவின் முன்பு இதே போஹோவில் வாழ்ந்தவர். ஊர்க்கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவர் ஆய்வகத்துக்குள் போனதால் நடந்த காரியம் இது. மருந்துக்கு மசியாத கிருமிகளில் மிக ஆபத்தானவை என்று உலக சுகாதார நிறுவனம் வரிசைப்படுத்திய முதல் ஆறில் நாலை, எம்ஆர்எஸ்ஏ என்ற கிருமி உட்பட, இந்த பாக்டீரியா ஆய்வகத் தட்டில் வளரவிடாமல் தடுத்தது. இன்று புழக்கத்தில் இருக்கும் ஆன்டிபயாடிக்குகளில் பல இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பம் தந்ததுதான். 1943-ல் காசநோய்க்குக் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசினும் அதிலிருந்து வந்ததே. முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளைச் சுரப்பதும் இதே குடும்பம்தான். அந்தத் துணி முடிச்சை மூக்கருகே கொண்டுபோனால் அந்த வாசனை நன்றாகத் தெரிகிறது.

இதை வைத்து 'பார்த்தீர்களா, முன்னோர் அப்போதே சொன்னார்கள்' என்று கிளம்பிவிடக் கூடாது. தட்டில் கிருமியைத் தடுப்பது ஒரு காரியம். துணிக்குள் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்த மண் பல் சீழை ஆற்றுவது வேறு காரியம். அதை யாரும் நிரூபிக்கவில்லை. அந்த அம்மாவிடம் இந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னபோது, "நல்லது, அவங்களுக்கும் இப்ப தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

இங்கே வந்த புதிதில் என்னை அசைத்துப் பார்த்தது இங்குள்ளவர்கள் சாவோடு பழகும் விதம். இரவுப் பணிக்குப் போகிற எனக்குக் காலையில் வீடு திரும்பும் நேரத்தில் ரேடியோவில் இறப்பு அறிவிப்பு வாசிப்பார்கள். யார், எந்த ஊர், உடல் எந்த வீட்டில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை பார்க்கலாம், பூசை எப்போது, அடக்கம் எங்கே. இப்போது அதற்கென்றே ஆர்ஐபி டாட் ஐஇ என்ற இணையதளம் இருக்கிறது. பல வீடுகளில் விடிந்ததும் அதைத்தான் முதலில் திறக்கிறார்கள். செத்தவரைத் தெரியாவிட்டாலும், அவருடைய அண்ணனோடு வேலை பார்த்திருந்தால் போயாக வேண்டும். வரிசையில் நின்று, உறவினர் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "உங்க துக்கத்துக்கு வருந்துகிறேன்" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் பேச்சு எதுவும் தேவையில்லை. டீயும் சாண்ட்விச்சும் வந்துகொண்டே இருக்கும்.

நான் முதலில் போன சாவு வீட்டில் கடிகாரம் நாலு இருபதில் நின்றிருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது போலும் என்று நினைத்தேன். நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. கண்ணாடியில் துணி தொங்கியது. உயிர் பிரிந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மூடியிருந்தார்கள். ஆத்மா வெளியே போக ஒரு வழி வேண்டும், போனது திரும்பி வரவும் கூடாது. இரவு முழுவதும் யாராவது ஒருவர் உடலோடு இருந்தார்கள். ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடவில்லை. பெட்டியைத் தூக்கியதும், அதைத் தாங்கியிருந்த நாற்காலிகளை ஒரு பெரியவர் காலால் தள்ளிக் கவிழ்த்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குழி வெட்டுவது பக்கத்து வீட்டு ஆண்கள். கூலி கிடையாது. திங்கட்கிழமை புதுக்குழி திறக்கக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. அப்படித் திறந்தே ஆக வேண்டுமென்றால் ஞாயிறன்றே போய் ஒரு புல்கட்டியை மட்டும் பெயர்த்து வைத்துவிட்டு வருவார்கள். வேலை ஞாயிறே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வெட்டி முடித்ததும் மண்வெட்டியையும் ஷவலையும் குழியின் வாயில் குறுக்கும் நெடுக்குமாகச் சிலுவை போல வைத்துவிட்டுப் போவார்கள். திறந்த குழிக்கு ஒரு காவல் வேண்டும்.

கடைசியாகப் புதைக்கப்பட்டவர்தான் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குக் காவல் என்ற நம்பிக்கை பல ஊர்களில் இருந்தது. மோட்சத்துக்கு முன் பாவக்கறை தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தாகத்தில் கிடக்கும் ஆத்மாக்களுக்கு அவர்தான் தண்ணீர் சுமக்க வேண்டும். அடுத்த பெட்டி உள்ளே வரும்வரை இறக்கி வைக்க முடியாது. ஒரே நாளில் இரண்டு அடக்கம் அமைந்துவிட்டால், 'எங்கள் ஆள் கடைசியாக நிற்கக் கூடாது' என்று இரண்டு ஊர்வலங்களும் வாசலை நோக்கி ஓடியிருக்கின்றன. பெட்டியைச் சுவர் மேலாகத் தூக்கிப் போட்டு முந்தியதும் உண்டு. இதைச் சிரிப்புக்காகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று வரை வைக்கோல் சுமந்து தேய்ந்துபோன அப்பாவைச் செத்த பிறகும் தண்ணீர் சுமக்கவிடக் கூடாது என்று ஓடுகிற மகன்களைத்தான் பார்க்கிறேன். நான் பிறந்த கடற்கரை ஊரிலும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குச் சமாதியைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றுவோம். ஆனால் உள்ளே இருப்பவர் இன்னும் வேலை செய்கிறார் என்று அங்கே யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு விடுமுறை நாளில் வடக்கே ஏரிப் பக்கம் போனேன். கீழ் எர்ன் ஏரியில் போவா தீவு. அங்கே ஹேசல் மரங்களுக்கு நடுவே கால்ட்ராக் என்ற பழைய கல்லறைத் தோட்டம். சாய்ந்த கற்களுக்கு நடுவே, முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு முகம் கொண்ட ஒரு கற்சிலை. இடுப்புயரம்கூட இல்லை. பெரிய கண்கள், கூர் மோவாய், மார்பில் குறுக்கே மடித்த கைகள். இரண்டு தலைக்கும் நடுவிலுள்ள குழியில் மழைத்தண்ணீரும் சில்லறைக் காசுகளும் கிடந்தன. கால்ட்ராக் என்பதே பழைய புதைநிலத்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லின் வழி வந்த பெயர். மேற்கே சில ஊர்களில் இதே சொல்லால் வேறொரு வகை இடத்தையும் அழைக்கிறார்கள். திரும்பி வந்து அந்த அம்மாவிடம் கால்ட்ராக் போனேன் என்றதும் அவர் முகம் மாறியது. "எந்த கால்ட்ராக்?" என்று கேட்டார்.

அவர் பிறந்த ஊர் போஹோ இல்லை. மேயோ கவுண்டியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

அயர்லாந்தின் வயல்களில் நடப்பவர்களுக்குப் பழைய ஆட்கள் இரண்டு எச்சரிக்கை சொல்வார்கள். ஒன்று பசிப்புல். பஞ்சத்தில் யாரோ விழுந்து செத்த இடத்தில் அது முளைக்கும். மிதித்தால் அந்த நொடியே கால் தள்ளாடும் பசி பிடிக்கும், அதனால் சட்டைப்பையில் ஒரு ரொட்டித் துண்டு வைத்துக்கொள்ள வேண்டும். 1845-ல் தொடங்கிய பஞ்சத்தில் நாடு முழுவதும் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். பத்து வருஷத்துக்குள் ஃபெர்மானாவின் ஜனத்தொகை கிட்டத்தட்டக் கால்வாசி குறைந்தது. பெட்டியும் பெயரும் இல்லாமல் போனவர்களுக்குப் புல் அடையாளமாகிவிட்டது. இரண்டாவது, வழி தப்பவைக்கும் புல்கட்டி. அதை மிதித்தால் பிறந்ததிலிருந்து தெரிந்த வயலிலேயே வாசல் தெரியாமல் விடிய விடியச் சுற்றுவீர்கள். கோட்டைக் கழற்றி உட்புறம் வெளியே வரும்படி மாட்டினால்தான் வழி தெரியும். அந்தப் புல்கட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஞானஸ்நானம் வாங்காத குழந்தை என்பார்கள்.

அந்தக் குழந்தைகள் உண்மையிலேயே அங்கே இருக்கிறார்கள். பிறக்கும்போதே செத்த பிள்ளைக்கும், தண்ணீர் ஊற்றுமுன் செத்த பிள்ளைக்கும் மந்திரித்த மண்ணில் இடமில்லை என்பது திருச்சபையின் சட்டமாக இருந்தது. அந்த ஆத்மாக்கள் மோட்சமும் இல்லாத, நரகமும் இல்லாத லிம்போவில் இருக்கும் என்று பூசையில் சொன்னார்கள். அதனால் அப்பாக்கள் வேறு இடம் தேடினார்கள். பாழடைந்த பழைய கோவில், இரண்டு ஊர்களின் எல்லை, கடலோரம், சுற்றிலும் மண்கரை எழுப்பிய பழங்காலத்து வட்டக் கரைக்கோட்டை. கில்லீன் என்று பொதுப்பெயர். ஊருக்கு ஊர் வேறு பெயர்களும் உண்டு, அவற்றில் ஒன்றுதான் கால்ட்ராக் என்ற சொல்லின் உறவு. பதிவில் இருப்பவை மட்டும் ஆயிரத்துக்கும் அதிகம். மேற்கே கால்வே, மேயோ, கெர்ரி பக்கங்களில் அடர்த்தி. தற்கொலை செய்துகொண்டவர்களையும் கரை ஒதுங்கிய பெயர் தெரியாத மாலுமிகளையும் அங்கேதான் வைத்தார்கள். 1960-கள் வரைக்கும்கூட இது நடந்தது.

அந்த அம்மாவின் தம்பி அப்படிப் போனவன். 1940-களில் ஒரு மாரிக்காலம். இவருக்கு ஏழு வயது. தேயிலைப் பெட்டியின் பலகையை அறுத்து அப்பா ஒரு சின்னப் பெட்டி அடித்தார். பகலில் கொண்டு போகக் கூடாது. இருட்டியதும் ஒரு கையில் லாந்தர், மறு தோளில் மண்வெட்டி, கக்கத்தில் பெட்டி. சாமியார் வரவில்லை, மணி அடிக்கவில்லை, அக்கம்பக்கத்து ஆண்கள் குழி வெட்ட வரவில்லை. பசுமாடு செத்தால்கூட உதவிக்கு வருகிற ஊர் அது. அப்பா விடியுமுன் வந்து பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வைத்தார். "எங்க வச்சீங்கன்னு அம்மா கேக்கவே இல்ல. கேட்டிருந்தா எழுந்து போயிருப்பா" என்றார் அவர். அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அப்பா சாகும்வரை இல்லை.

இறந்த தாத்தாவுக்கு இரண்டு இரவு கண் விழித்து, கடிகாரத்தை நிறுத்தி, நாற்காலியைக் கவிழ்த்து, ஊரே வந்து நிற்கிற நாட்டில், ஒரு குழந்தையைத் தகப்பன் ஒருவனாகச் சுமந்து போக வைத்தது ஒரு சட்டம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, நானும் அதே சபையில் ஞானஸ்நானம் வாங்கியவள்தான். 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்த குழந்தைக்கு ஆயர் அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம் என்றது. 2007-ல் போப் பதினாறாம் பெனடிக்ட் காலத்தில் வெளியான இறையியல் ஆவணம், அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பக் காரணம் இருக்கிறது என்று சொன்னது. அந்த அம்மாவின் தாய் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன வருஷம் ஜூனில் அவரை மேயோவுக்கு அழைத்துப் போனேன். வட்டக் கரைக்கோட்டை ஒரு விவசாயியின் மாட்டு நிலத்துக்கு நடுவே இருந்தது. இந்த மாதிரிக் கோட்டைகள் அயர்லாந்தில் 40,000-க்கும் மேல் உண்டு. தேவதை ஜனங்கள் குடியிருக்கும் இடம் என்ற பயத்தால் யாரும் ஏர் ஓட்ட மாட்டார்கள், முள்மரத்தை வெட்ட மாட்டார்கள். 1999-ல் கிளேர் கவுண்டி லாட்டூனில், கதைசொல்லி எடி லெனிஹன் எழுப்பிய குரலால், ஒற்றை முள்மரத்துக்காக நெடுஞ்சாலைத் திட்டத்தையே மாற்றினார்கள். அந்தப் பயம்தான் இந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சுற்றிலும் எல்லாமே சமப்படுத்தி உரம் போட்ட பச்சை. இந்த ஒரு வட்டம் மட்டும் மேடும் பள்ளமுமாக, முள்மரப் பூ உதிர்ந்து, தொடாமல் கிடந்தது.

உள்ளே கணுக்கால் உயரத்துக்குக் கற்கள். செதுக்காத கற்கள், எழுத்து எதுவும் இல்லை. வயலில் கிடைத்த கல்லைத் தலைமாட்டில் நட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சிலவற்றின் அடியில் வெள்ளைப் படிகக் கூழாங்கற்கள் பாதி மண்ணுக்குள் புதைந்திருந்தன. மந்திரித்த மண் கிடைக்காதவர்கள் கையால் பொறுக்கிக் கொண்டுவந்து வைத்த கற்கள். இரண்டு கற்களுக்கு நடுவே என் பாதம் கொள்ளவில்லை. அந்த அளவு நெருக்கம், அந்த அளவு சின்னக் குழிகள்.

அந்த அம்மா ஸ்வெட்டர் பையில் கையை விட்டார். வழியில் கடற்கரையில் ஐந்து நிமிஷம் நிறுத்தச் சொன்னது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. பதினொரு வெள்ளைக் கற்கள். அவன் எது என்று தெரியாதே. ஒரு கல்லின் அடியில் ஒன்று வைத்தார், அடுத்ததன் அடியில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பதினொன்றும் தீர்ந்ததும் மிச்சமிருந்த கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் திரும்பிக் கடற்கரைக்குப் போனோம்.

அன்று இரவு தங்கின விடுதியில் என் போனில் அவருக்கு ஒன்றைக் காட்டினேன். 1937 முதல் 1939 வரை, ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் இப்போது அயர்லாந்துக் குடியரசாக இருக்கும் தெற்கு 26 கவுண்டிகளிலும் உள்ள தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வா என்று. சுமார் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். கேட்கச் சொன்ன தலைப்புகளில் பழைய கல்லறைத் தோட்டமும் ஒன்று. அந்த நோட்டுகள் இப்போது தூகஸ் என்ற இணையதளத்தில் படமாகக் கிடைக்கின்றன. எங்கள் போஹோ எல்லைக்கு வடக்கே இருப்பதால் அதில் இல்லை. மேயோ இருக்கிறது. அவருடைய பள்ளிக்கூடத்தைத் தேடி எடுத்தேன். கோடு போட்ட தாளில், மை தொட்டு எழுதும் பேனாவின் சாய்ந்த எழுத்தில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: எங்கள் ஊரில் ஒரு கோட்டை இருக்கிறது, ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைகளை அங்கே புதைப்பார்கள், இரவில் சில சமயம் அங்கே வெளிச்சம் தெரியும் என்று என் தாத்தா சொல்கிறார். அவ்வளவுதான், நாலு வரி. அந்த அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார்.

"வெளிச்சம் எங்க அப்பா மாதிரி யாரோட லாந்தராவது இருக்கும்" என்றார்.

மண் வைத்த மூன்றாம் நாளே அவருடைய பல் வீக்கம் வடிந்துவிட்டது. மாத்திரையாலா மண்ணாலா என்று நான் கேட்கவில்லை. நாலாம் நாள் சனிக்கிழமை. தானும் வருவேன் என்று கிளம்பினார். மழை பிடித்துக்கொண்டதால் காரிலேயே இருந்தார். நான் முடிச்சை அவிழ்த்து, எடுத்த இடத்திலேயே மண்ணைக் கொட்டி, விரலால் தட்டிச் சமப்படுத்தினேன். திரும்பி வந்து கார்க் கதவைத் திறந்ததும் கையை நீட்டித் துணியை வாங்கினார். விரித்துப் பார்த்தார். மடிப்பில் ஒரு பொட்டு மண் ஒட்டியிருந்தது.

"இதையும் போட்டுட்டு வா" என்றார்.

நான் மறுபடியும் மழையில் இறங்கி நடந்தேன்.